பிரெஸ்ஸானின் கடைசிப் படம் 'லார்ஜான்': குற்றம் யாரிடம் போய் நிற்கிறது?

திரைவாசகர் எழுதியது:

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸான் 1983இல் எடுத்த 'லார்ஜான்', அதாவது 'பணம்', அவருடைய பதின்மூன்றாவது முழுநீளப் படம். கடைசிப் படமும் அதுவே. எண்பது வயதைக் கடந்தவர் எடுத்த படம் என்று நம்ப முடியாத இறுக்கமும் வேகமும் அதில் இருக்கின்றன. இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'பணம் மனிதனைக் கெடுக்கும்' என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. படம் அதைவிடக் கடுமையான ஒன்றைச் சொல்கிறது என்று நினைப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். கதை முழுவதையும் பேச வேண்டியிருக்கும்; படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

நோர்பேர் என்ற பள்ளி மாணவனுக்கு ஒரு சிறு கடன் இருக்கிறது. தந்தையிடம் கேட்ட கூடுதல் பணம் கிடைக்கவில்லை. நண்பன் ஒருவன் 500 பிராங்க் கள்ள நோட்டு ஒன்றைக் கொடுக்கிறான். இருவரும் ஒரு புகைப்படக் கடைக்குப் போய், விலை குறைந்த ஒரு படச்சட்டத்தை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைப் பெறுகிறார்கள். கடைக்காரர் ஏமாந்ததை உணர்ந்ததும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. கையில் இருக்கும் கள்ள நோட்டுகளை, எரியெண்ணெய் கொண்டுவந்து ஊற்றும் தொழிலாளி இவோனுக்கு எண்ணெய்க்கான தொகையில் கொடுத்துவிடுகிறார். இவோன் அதை உணவகத்தில் நீட்டும்போது பிடிபடுகிறான். கடைப் பணியாளன் லூசியன் நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்கிறான். விஷயம் வெளியே வரும் என்று அஞ்சிய நோர்பேரின் தாய், கடைக்காரியைத் தேடிப் போய்ப் பணம் கொடுத்து அவள் வாயை அடைக்கிறாள்.

நோட்டு எப்படிக் கைமாறுகிறதோ அப்படியே குற்றமும் கைமாறுகிறது என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது. வசதியுள்ள ஒவ்வொருவரும் தம்மிடம் வந்ததை அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். மாணவர்கள் கடைக்காரர் தலையிலும், கடைக்காரர் தொழிலாளி தலையிலும் கட்டுகிறார்கள். தொழிலாளிக்கு மட்டும் அடுத்து ஒரு தலை இல்லை. அவன் உண்மையாகவே அந்த நோட்டை நல்ல நோட்டு என்று நம்பியவன், அந்த வரிசையில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவன், மாட்டிக்கொள்பவனும் அவன். அதன் பிறகு வங்கிக் கொள்ளைக்குக் கார் ஓட்டி அகப்பட்டுச் சிறைக்குப் போவது, சிறையில் இருக்கும்போதே குழந்தை இறந்துபோவது, மனைவி எலீஸ் பிரிந்துவிடுவது, வெளியே வந்தபின் நடக்கும் கொலைகள் எல்லாம், இறக்கிவைக்க இடமில்லாத அந்தச் சுமை அவனுக்குள்ளேயே தங்கிப் புளித்ததன் விளைவுகள் என்று நான் வாசிக்கிறேன்.

நெடுவழி எழுதியது:

முதல் பாதிக்கு இந்த வாசிப்பு நன்றாகவே பொருந்துகிறது. இரண்டாம் பாதிக்குத்தான் பொருந்தவில்லை. வேலையை இழந்தவன் கொள்ளைக்காரருக்குக் கார் ஓட்டச் சம்மதிப்பதை நான் புரிந்துகொள்கிறேன். குழந்தையையும் மனைவியையும் இழந்தவன் சிறையில் தூக்க மாத்திரைகளைச் சேர்த்துவைத்துச் சாக முயல்வதையும் புரிந்துகொள்கிறேன். ஆனால் விடுதலையான அன்றே விடுதி நடத்தும் தம்பதியைக் கொல்வதும், பிறகு தனக்குச் சோறும் இடமும் தந்த நரைத்த தலைப் பெண்ணையும் அவள் வீட்டாரையும் கோடரியால் வெட்டுவதும் 'தங்கிப் புளித்த சுமை' என்ற ஒரு சொற்றொடருக்குள் அடங்குமா? உலகத்தில் அநியாயமாகச் சிறைக்குப் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர்; அவர்கள் கோடரி எடுப்பதில்லை.

டால்ஸ்டாயின் மூலக்கதையில் இந்தத் தாவல் இல்லை என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். அவர் இறந்த பிறகு 1911இல் வெளிவந்த 'போலிக் கூப்பன்' என்ற குறுநாவலில், இரண்டரை ரூபிள் கூப்பனில் ஓர் 'ஒன்று' சேர்த்துப் பன்னிரண்டரையாக மாற்றுகிறார்கள். அதை ஏமாந்து வாங்குபவன் விறகு விற்கும் குடியானவன் இவான். அவன் குடித்து, குதிரைத் திருடனாகிறான். கொலைகாரன் ஸ்தெபான் வேறு ஆள். தன் குதிரைகளைத் திருடிய இவானைக் கொல்வதில் தொடங்கி அந்த வழியில் இறங்குபவன். பிரெஸ்ஸான் இந்த இருவரையும் ஒரே உடம்பில் அடைத்துவிட்டார். ஏமாற்றப்பட்டவனும் கொலை செய்கிறவனும் ஒருவனே ஆகும்போது நடுவில் ஒரு பாலம் தேவைப்படுகிறது. படம் அந்தப் பாலத்தைக் கட்டவில்லை. முகத்தில் உணர்ச்சி காட்டாத நடிகர்களையும் வெட்டிச் சுருக்கிய காட்சிகளையும் வைத்து அந்த இடைவெளியை மறைக்கிறது. கறாரான பாணியின் மீதுள்ள மரியாதையால் நாம் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

ஒலிக்குறிப்பு எழுதியது:

'மறைக்கிறது' என்ற சொல்லில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. இந்தப் படம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் கேட்கவைக்கிறது என்பதைக் கவனித்தால், ஒவ்வொரு விடுபடலும் ஓர் ஒழுங்கோடு நிகழ்வது தெரியும்.

உணவகக் காட்சியில் இவோன் பணியாளரைத் தள்ளுகிறான். நாம் பார்ப்பது சட்டையைப் பிடித்த கையும், பிறகு விரிந்து நிற்கும் அதே கையும், விழுந்து உடையும் பாத்திரங்களும்தான். விடுதிக் கொலைகளை நாம் பார்ப்பதே இல்லை. தண்ணீர்க் குழாயின் கீழ் கழுவப்படும் கைகளையும், சிவந்து ஓடும் நீரையும், பிறகு பணப்பெட்டியைத் துழாவும் விரல்களையும் பார்க்கிறோம். லூசியன் சிறையிலிருந்து தப்ப முயல்வதை, அறைக்குள் படுத்திருக்கும் இவோனோடு சேர்ந்து நாமும் வெறும் ஓசைகளாகத்தான் கேட்கிறோம். நரைத்த தலைப் பெண்ணை அவளுடைய தந்தை அறைகிறார். அறை விழும் ஓசை கேட்கிறது, அவள் கையிலிருக்கும் கோப்பையில் காப்பி தளும்பி விரலில் வழிவதைப் பார்க்கிறோம், கோப்பையை அவள் விடுவதில்லை. அந்த ஒரே காட்சியில் அவள் வாழ்க்கை முழுவதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதை ஒரு நடிகை அழுது காட்டியிருந்தால் நாம் பரிதாபப்பட்டிருப்போம். இப்போதோ கோப்பை விழுந்துவிடக் கூடாதே என்று நாமும் அவளோடு சேர்ந்து பதறுகிறோம்.

தமது நடிகர்களை 'மாதிரிகள்' என்றே பிரெஸ்ஸான் அழைத்தார்; தொழில்முறை நடிப்பு தெரியாதவர்களையே தேடி எடுத்தார்; ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, அதில் நடிப்பு என்று எதுவும் மிஞ்சாத நிலைக்குக் கொண்டுவந்தார். இவோனாக வரும் கிறிஸ்தியான் பத்தேயின் முகத்தில் காரணத்தைத் தேடுகிறவர் ஏமாறத்தான் செய்வார். காரணம் கைகளில் இருக்கிறது. படம் முழுவதும் கைகள் எதையாவது கொடுக்கின்றன, வாங்குகின்றன, எண்ணுகின்றன, திறக்கின்றன, பூட்டுகின்றன. எலீஸ் எழுதும் கடிதத்தைக்கூட முதலில் சிறை அலுவலகத்தின் கைகள்தான் பிரிக்கின்றன. தன் குழந்தை இறந்த செய்தி தன்னைவிட முன்பே முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரிந்துவிட்ட நிலையில் ஒரு தந்தை இருக்கிறான். இந்த ஓர் அவமானத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் பிரிவு கிடையாது. நெடுவழி கேட்ட பாலத்தின் ஒரு தூண் இது என்று எனக்குப் படுகிறது.

பின்னணி இசை என்று எதுவும் படத்தில் இல்லை. வாகன இரைச்சல், கதவு, பூட்டு, காலடி இவைதாம் இசை. அந்தப் பெண்ணின் முதிய தந்தை பியானோவில் வாசிக்கும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 'குரோமாட்டிக் ஃபேன்டசி' மட்டும் ஒருமுறை கேட்கிறது. அதுவும் அவர் பியானோவின் ஓரத்தில் வைத்திருக்கும் மதுக்குவளை விழுந்து உடைவதோடு அறுந்துபோகிறது.

சட்டம்படித்தவர் எழுதியது:

திரைவாசகரின் கருத்துக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். அறியாமல் வாங்கிய கள்ள நோட்டை வைத்திருப்பவர் குற்றவாளி அல்லர். ஆனால் அது கள்ள நோட்டு என்று தெரிந்த பிறகு இன்னொருவரிடம் தள்ளிவிட்டால், பிரான்ஸ் உட்படப் பல நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றம். ஏமாற்றப்பட்டவருக்குச் சட்டம் ஒரு கடினமான கடமையை வைக்கிறது: இழப்பை நீயே ஏற்றுக்கொள், அடுத்தவருக்குக் கொடுக்காதே என்கிறது. படத்தில் அந்தக் கடமையை ஏற்க யாரும் தயாராக இல்லை. கடைக்காரருக்கு அந்த நோட்டுகளின் இழப்பு தாங்க முடியாததன்று. ஆனாலும் தாங்க விரும்பவில்லை. என் பார்வையில் இந்தப் படத்தின் மிகப் பெரிய குற்றவாளி அவர்தான்.

முதல் வழக்கின் முடிவையும் கவனிக்க வேண்டும். நீதிமன்றம் இவோனைச் சிறைக்கு அனுப்புவதில்லை, விட்டுவிடுகிறது. ஆனால் கடைக்காரர்கள் சொன்னதே உண்மை என்று ஆகிவிட்டதால், நேர்மையானவர்கள்மீது பழி சுமத்தியவன் என்ற பெயரோடு அவன் வெளியே வருகிறான், வேலையும் போய்விடுகிறது. அவனுக்குத் தண்டனை கிடைத்திருந்தால் மேல்முறையீடு, புதிய சாட்சியம் என்று ஏதாவது நடந்திருக்கலாம். மன்னித்து அனுப்பப்பட்டவன் எதை எதிர்த்து முறையிடுவான்? செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெறுவதைவிட ஒரு மனிதனை ஆழமாகக் காயப்படுத்துவது அரிது. வழக்குமன்றங்களில் நான் பார்த்த வரையில், தண்டனை பெற்றவர்களைவிட இப்படி 'கருணை' பெற்றவர்களே நெடுநாள் கசந்துபோயிருக்கிறார்கள்.

திரைவாசகர் எழுதியது:

சட்டம்படித்தவர் சொன்னது என் வாதத்தை நான் எழுதியதைவிடக் கூர்மையாக்குகிறது. இழப்பை ஏற்க மறுப்பதே இந்தப் படத்தில் குற்றத்தின் தொடக்கம்.

நெடுவழிக்கு: லூசியனை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பொய்ச்சாட்சி சொன்ன அவனுக்கு முதலாளி பணம் தருகிறார். பொய்க்கு விலை உண்டு என்று அங்கே கற்றுக்கொண்டவன், அடுத்து வாடிக்கையாளரிடம் கூடுதல் விலை சொல்லி வித்தியாசத்தைத் தன் பையில் போட்டுக்கொள்கிறான். அதைக் கண்டுபிடித்த முதலாளி, அறச்சீற்றத்தோடு அவனை வேலையை விட்டு அனுப்புகிறார்! தனக்காகப் பொய் சொல்லவைத்தவருக்குத் தன்னிடம் பொய் சொன்னது பொறுக்கவில்லை. பிறகு லூசியன் அந்தக் கடையின் பணப்பெட்டியையே திறக்கிறான். தானியங்கிப் பணப்பொறிகளில் மோசடி செய்கிறான். அந்தப் பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுக்கவும் செய்கிறான். கெட்ட வழியில் வந்த பணத்தை நல்ல வழியில் செலவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நம்புகிறான். இறுதியில் இவோன் இருக்கும் அதே சிறைக்கு வந்து சேர்கிறான், தப்பிக்க உதவுவதாக இவோனிடம் சொல்லி ஈடுசெய்யப் பார்க்கிறான், இவோன் மறுத்துவிடுகிறான்.

எனக்கு அந்த மறுப்பு முக்கியமானது. அவனுடைய வீழ்ச்சியைத் தொடங்கிவைத்த பொய்யைச் சொன்னவன், இப்போது ஒரு பரிசைக் கொடுத்துத் தன் மனச்சுமையை இறக்கிவைக்கப் பார்க்கிறான். அதை வாங்கிக்கொண்டால், இன்னொரு நோட்டை வாங்கியது போலத்தான். இவோன் அந்த வரிசையில் மீண்டும் நிற்க மறுக்கிறான்.

நெடுவழி எழுதியது:

லூசியனைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அவனுடைய பகுதி படத்தின் மிகத் தெளிவான பகுதி. ஒலிக்குறிப்பு சொன்ன கடிதமும் என்னை யோசிக்கவைத்தது. ஆனாலும் என் கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. கடைக்காரர்மீதோ லூசியன்மீதோ பாய்ந்த கோடரியை நான் புரிந்துகொள்வேன். அது ஏன் அந்தப் பெண்மீது பாய வேண்டும்?

அவள் யார் என்று பாருங்கள். குடிகாரத் தந்தையையும் வீட்டிலுள்ள மற்றவர்களையும் தன் உழைப்பால் தாங்குபவள். ஓடையில் துணி துவைப்பவள். அறை வாங்கியும் அடுத்த வேலையைத் தொடர்பவள். இவோன் தான் கொலைகாரன் என்று சொன்ன பிறகும் அவனை வெளியே அனுப்பவில்லை. கடவுளாகத் தான் இருந்தால் எல்லோரையும் மன்னித்துவிடுவேன் என்கிறாள். இருவரும் சேர்ந்து கொட்டைகள் பறித்துத் தின்னும் காட்சி, இந்தப் படத்தில் யாரும் யாருக்கும் விலை கேட்காமல் ஒன்றைக் கொடுக்கும் ஒரே காட்சி. அதற்கடுத்த இரவில் அவன் அவளிடம் பணம் எங்கே என்று கேட்டுக் கோடரியை ஓங்குகிறான். டால்ஸ்டாயிலும் இப்படி ஒரு பெண் கொல்லப்படுகிறாள். ஆனால் சாகும் முன் அவள் பேசிய மென்மையான சொற்கள் கொலைகாரனை விடாமல் துரத்துகின்றன. அவன் மனம் திரும்புகிறான். அதன் பிறகு குறுநாவலின் இரண்டாம் பகுதி முழுவதும், தீமை பரவியது போலவே நன்மையும் ஆள்மாறிப் பரவி, கடைசியில் கூப்பன் மோசடியில் இறங்கிய மாணவன்வரை போய்ச் சேர்கிறது. பிரெஸ்ஸான் அந்தப் பாதியை வெட்டி எறிந்துவிட்டார். கேன் திரைப்பட விழாவில் ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கியோடு இவருக்கும் சேர்த்து அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் கையால் பரிசு தரப்பட்டபோது, கைதட்டலுக்கு நடுவே கூச்சலும் எழுந்தது என்பார்கள். அதில் ஒரு பகுதியாவது இந்த வெட்டை எதிர்த்து எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் சிலப்பதிகாரத்திலும் பொய்க் குற்றச்சாட்டு உண்டு, விசாரிக்காத அரசு உண்டு, திருடிய பொற்கொல்லன் நிரபராதி தலையில் பழியைக் கட்டுவதும் உண்டு. ஆனால் அங்கே உண்மை தெரிந்த கணத்தில் பாண்டியன் தன்னையே கள்வன் என்று சொல்லி அரியணையிலேயே உயிர்விடுகிறான். ஒருவராவது குற்றத்தைத் தன்னுடையதாக ஏற்கிறார். அப்படி ஒருவர் இல்லாத உலகத்தைக் காட்டிவிட்டு ஒரு கலைஞர் போய்விடலாமா?

மெய்யெழுத்து எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தகவலைச் சேர்க்கிறேன். அந்தக் காலத்து 500 பிராங்க் நோட்டில் இருந்தது சிந்தனையாளர் பாஸ்கலின் உருவம். அவரோடு தொடர்புடைய போர் ரொயால் மடமும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. மனிதன் தன் முயற்சியால் மீட்சியைச் சம்பாதித்துவிட முடியாது, அது அருளாகத்தான் வர வேண்டும், யாருக்கு வரும் என்பதும் நம் கையில் இல்லை என்று கருதிய ஜான்சனியக் கிறித்தவப் போக்கின் மையம் அந்த மடம். பிரெஸ்ஸானையும் அந்தப் போக்கோடு இணைத்துப் பேசாத விமர்சகர் குறைவு. அருளைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் யோசித்தவரின் முகம், படத்தில் கைமாறும் ஒவ்வொரு பொய் நோட்டிலும் இருக்கிறது. இயக்குநர் இதைத் திட்டமிட்டாரா என்று நான் வாதாட மாட்டேன். நாட்டின் பெரிய நோட்டு அதுதான் என்பதால் வேறு நோட்டைக் காட்டவும் வழியில்லை.

ஆனால் இதை வைத்து நெடுவழியின் கேள்வியை அணுகலாம். அந்தப் பெண் கொடுப்பது விலையில்லாதது. இவோனுடைய உலகத்தில் எல்லாவற்றுக்கும் விலை இருந்திருக்கிறது: பொய்ச்சாட்சிக்கு, வாய் அடைப்பதற்கு, காரை ஓட்டுவதற்கு. விலையில்லாமல் வரும் ஒன்றை வாங்கிக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை. பணம் எங்கே என்று அவன் கேட்பது பணத்துக்காக அன்று என்பதே என் எண்ணம். அவளிடம் பெரிய தொகை இருக்க வாய்ப்பில்லை என்பது, அவள் அஞ்சலகத்தில் ஓய்வூதியம் வாங்கியதைப் பார்த்துப் பின்தொடர்ந்தவனுக்குத் தெரியும். அவளையும் தனக்குத் தெரிந்த ஒரே உறவுக்குள், வாங்கலும் கொடுக்கலுமான உறவுக்குள், இழுத்துப் போடுவதற்கு அவன் கேட்கும் கேள்வி அது.

திரைவாசகர் எழுதியது:

மெய்யெழுத்து சொன்னதோடு முடிவுக் காட்சியையும் சேர்த்துப் பாருங்கள், நெடுவழி. அத்தனை கொலைகளுக்கும் பிறகு இவோன் ஓர் உணவகத்துக்குள் போகிறான். ஒரு குவளை மது குடிக்கிறான். அங்கே இருக்கும் காவலர்களிடம் தானாகவே எழுந்து போய், விடுதித் தம்பதியைக் கொன்றதும் இந்தக் குடும்பத்தைக் கொன்றதும் நான்தான் என்று சொல்கிறான். யாரும் துரத்தவில்லை, யாரும் சந்தேகப்படவில்லை. மாணவன், அவன் தாய், கடைக்காரர், லூசியன், நீதிமன்றம் ஆகிய அனைவரும் தள்ளிவிட்டதை, முதன்முறையாக ஒருவன் 'இது என்னுடையது' என்று கையில் வைத்துக்கொள்கிறான். நீங்கள் கேட்ட பாண்டியன் படத்தில் இல்லாமல் இல்லை. அவன் அரியணையில் இல்லை, மிகவும் தாமதமாக வருகிறான், கையில் இரத்தத்தோடு வருகிறான், அவ்வளவுதான். டால்ஸ்டாயின் இரண்டாம் பாதி அந்த ஒரு வாக்குமூலத்துக்குள் சுருங்கியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒலிக்குறிப்பு எழுதியது:

அதோடு, காவலர்கள் அவனை அழைத்துப் போன பிறகும் வெளியே கூடியிருக்கும் கூட்டம் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் வந்த வாசலுக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னும் யாரோ வர வேண்டியிருக்கிறது என்பது போல. வர வேண்டியவர்கள் யார் என்பது இந்த இழையைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

நெடுவழி எழுதியது:

வாக்குமூலத்தைப் பற்றிய வாசிப்பு வலுவானது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் பார்ப்பேன். இருந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைக்காரர் தம் இழப்பை இவோன் தலையில் கட்டியது தவறு என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். இவோன் தன் இழப்பை அந்தப் பெண்ணின் தலையில் இறக்கியதும் அதே செயல்தான். சுமையை இறக்கிவைக்க அவனுக்கு ஆளே இல்லை என்று தொடக்கப் பதிவில் எழுதினீர்கள், ஆள் இருந்தாள். அவனைவிட வலிமை குறைந்தவளாக, அவனுக்குக் கதவைத் திறந்தவளாக இருந்தாள். அந்த வரிசையின் கடைசி ஆள் இவோன் என்று எழுதும்போதெல்லாம் நாம் அவளை மறந்துவிடுகிறோம். அவளுக்குப் பெயர்கூடப் படத்தில் சொல்லப்படவில்லை.